உரைகல்லில் உருகிய பொன்

பொன்னின் மாற்று அறிய விரும்பும் பொற்கொல்லர் அதனைப் பிளந்து உள்ளே பார்ப்பதில்லை. உரைகல்லில் அதனால் ஒரு கோடு இழுக்கிறார். மாற்று முன்பே அறியப்பட்ட ஆணிப்பொன்னால் அதன் அருகில் இன்னொரு கோடு இழுக்கிறார். இரண்டையும் ஒப்பிட்டு, இது இத்தனை மாற்று என்று சொல்கிறார். அவர் சொல்லும் தீர்ப்பு பொருளைப் பற்றியது. அவர் கண்டதோ பொருள் விட்டுச்சென்ற தடத்தை மட்டும். தெரிந்த தடம் பக்கத்தில் இல்லையேல் அத்தீர்ப்புக்கு மதிப்பில்லை.

அணுக்கருக்களை ஒளியை நெருங்கும் விரைவில் மோதவிட்டு, தெறித்து வரும் துகள்களை அளக்கும் இயற்பியலும் இந்த உரைகல் முறையில்தான் இயங்குகிறது. அங்கே உரைக்கப்படும் பொருளும் பெரும்பாலும் பொன்னே.

இம்முறைக்கு வித்திட்டவர் ரூதர்போர்டு. 1909ஆம் ஆண்டு மான்செஸ்டர் ஆய்வுக்கூடத்தில் அவருடைய வழிகாட்டலில் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகளின் மீது ஆல்பா துகள்களைச் செலுத்தினர். பொன் தகடும் அவற்றுள் ஒன்று. பெரும்பாலான துகள்கள் ஊடுருவிச் சென்றன. ஆயிரக்கணக்கானவற்றுள் ஒன்று மட்டும் வந்த வழியே திரும்பியது. அந்த அரிய சிதறலை எண்ணியதன் பயனாக, அணுவின் நடுவே செறிந்த கரு ஒன்று உண்டு என்பதை 1911இல் ரூதர்போர்டு நிறுவினார். கருவை எவரும் கண்டதில்லை. சிதறிய துகள்களின் எண்ணிக்கையே கருவுக்குச் சான்றானது.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் வினா மாறியது. பொன் அணுக்கருவின் மீது சிறு துகளை எறிவதை விடுத்து, பொன் கருவின் மீது பொன் கருவையே எறிந்தால் என்ன நிகழும்?

மோதற்களம்

நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்ட் தீவில் உள்ள புரூக்கேவன் தேசிய ஆய்வகம் இவ்வினாவுக்காகவே ஒரு பெருங்கருவியை அமைத்தது. சார்பியல் கன அயனி மோதுவி என்பது அதன் பெயர். 3.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் இரண்டு வளையங்கள்; அவற்றில் நீர்ம ஹீலியத்தால் குளிரூட்டிய 1,740 மீக்கடத்து காந்தங்கள். பொன் அணுவின் எலெக்ட்ரான்கள் முற்றாக உரிக்கப்பட்டு, 79 புரோட்டான்களும் 118 நியூட்ரான்களும் கொண்ட வெறுங்கரு எதிரெதிர்த் திசைகளில் வளையங்களுக்குள் விடப்பட்டது. முதல் மோதல் 2000ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் பதிவாயிற்று. அடுத்த ஆண்டே கருவி தன் முழு ஆற்றலை எட்டியது.

அந்த ஆற்றலில் ஒவ்வொரு நியூக்ளியானும் (புரோட்டானோ நியூட்ரானோ) 10,000 கோடி எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றலைச் சுமந்து வரும். கருவின் விரைவு ஒளியின் விரைவில் 99.995 விழுக்காடு. அவ்விரைவில் பொருளின் நீளம் பயணத் திசையில் நூறு மடங்குக்கு மேல் சுருங்கும் என்பது ஐன்ஸ்டைனின் சார்பியல் விதி. உருண்டையான கரு அப்பளம்போல் தட்டையாகிறது. இரண்டு அப்பளங்கள் நேருக்கு நேர் மோதி ஒன்றையொன்று ஊடுருவுகின்றன.

மொத்த ஆற்றல் எவ்வளவு? 197 நியூக்ளியான்கள் கொண்ட கருக்கள் இரண்டு மோதும்போது ஏறத்தாழ 39 இலட்சம் கோடி எலெக்ட்ரான்வோல்ட். எண் மலைக்க வைத்தாலும், பறந்து செல்லும் நாற்பது கொசுக்களின் இயக்க ஆற்றலுக்குத்தான் இது ஈடு. ஆனால் கொசுவின் உடலில் எண்ணற்ற அணுக்களுக்குப் பங்கிடப்படும் அந்த ஆற்றல், இங்கே ஓர் அணுக்கருவின் இடத்துக்குள் அடைக்கப்படுகிறது. வியப்பு ஆற்றலின் அளவில் இல்லை. அதன் செறிவில் இருக்கிறது.

இச்செறிவு எதற்கு? புரோட்டானும் நியூட்ரானும் குவார்க்குகளால் ஆனவை. குவார்க்குகளைக் குளுவான்கள் பிணைக்கின்றன. இப்பிணைப்பின் இயல்பு விந்தையானது. குவார்க்குகள் விலக விலக இழுப்பு தளர்வதில்லை. நெருங்க நெருங்கத்தான் தளர்கிறது. 1973இல் இதைக் கணக்கிட்டுக் காட்டிய கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகிய மூவரும் 2004இல் நோபல் பரிசு பெற்றனர். கருப்பொருளைப் போதிய அளவு சூடாக்கி நெருக்கினால் குவார்க்குகளும் குளுவான்களும் கட்டவிழ்ந்து உலவும் என்பது இதன் விளைவு. அந்நிலைக்குக் குவார்க் குளுவான் பிளாஸ்மா என்று பெயர். அண்டம் பிறந்த முதல் சில மைக்ரோ நொடிகளில் எங்கும் நிறைந்திருந்தது இதுவே. பிணைப்புத் தளர்ந்த அந்தப் பிளாஸ்மா ஒரு வளிமம்போல் இருக்கும் என்றே அறிஞர் பலரும் எதிர்பார்த்தனர்.

தடம் காணும் கருவிகள்

பிளாஸ்மாவை நேரில் காண இயலாது. ஒரு நொடியைக் கோடிக் கூறாக்கி, ஒரு கூற்றை மீண்டும் கோடிக் கூறாக்கி, அதில் ஒன்றை மீண்டும் கோடிக் கூறாக்கி, கிடைத்ததையும் நூறாகப் பகுத்தால் வரும் பங்குகளில் ஒரு சிலவே அதன் வாழ்நாள். அதற்குள் அது விரிந்து, குளிர்ந்து, மீண்டும் சாதாரணத் துகள்களாக உறைந்து சிதறிவிடும். உணர்கருவிகளை எட்டுவது அந்தச் சிதறல் மட்டுமே.

புரூக்கேவனில் நான்கு ஆய்வுக்குழுக்கள் தனித்தனி உணர்கருவிகளை நிறுத்தின: ஸ்டார், ஃபீனிக்ஸ், ஃபோபோஸ், பிராம்ஸ். ஸ்டாரின் இதயம் நான்கு மீட்டர் விட்டமும் ஏறக்குறைய அதே நீளமும் கொண்ட ஓர் உருளை. அதனுள் ஆர்கானும் மீத்தேனும் கலந்த வளிமம். மின்னூட்டம் பெற்ற துகள் அதனூடே பாயும்போது வழியில் உள்ள அணுக்களின் எலெக்ட்ரான்களைத் தட்டிவிடும். அந்த எலெக்ட்ரான்கள் மின்புலத்தால் இழுபட்டு இரு முனைகளுக்கும் நகரும். அங்கே 1,36,000க்கு மேற்பட்ட சிறு தகடுகள் அவற்றை ஏற்றுக்கொள்ளும். எலெக்ட்ரான் எந்தத் தகட்டில் விழுந்தது, எவ்வளவு நேரம் கழித்து விழுந்தது என்ற இரண்டு விடைகளிலிருந்து துகளின் பாதை முப்பரிமாணத்தில் மீளக் கட்டப்படும். காந்தப்புலத்தில் பாதை எவ்வளவு வளைந்தது என்பது துகளின் உந்தத்தைச் சொல்லும். வழியில் எவ்வளவு ஆற்றல் இழந்தது என்பது அது பையானா, கேயானா, புரோட்டானா என்று சொல்லும். கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தின் தலைமையில் இந்தியக் குழுக்கள் வடிவமைத்த ஒளித்துகள் எண்ணிக்கைக் கருவியும் ஸ்டாரில் இடம்பெற்றது.

முதல் பணி எண்ணுவது. நேருக்கு நேர் மோதிய இரண்டு பொன் கருக்களிலிருந்து மின்னூட்டமுடைய துகள்கள் மட்டும் ஏறத்தாழ 5,000 வெளிவந்தன. உள்ளே சென்ற புரோட்டான்கள் 158 மட்டுமே என்பதை நினைவிற்கொண்டால், மற்றவை மோதலின் ஆற்றலிலிருந்து புதிதாகப் பிறந்தவை என்பது விளங்கும். அவற்றுள் பெரும்பாலானவை பையான்கள்.

ஆனால் எல்லா மோதலும் நேர் மோதல் அன்று. சில கருக்கள் விளிம்பில் உரசிச் செல்லும். சில பாதி ஒன்றும். எவ்வளவு ஒன்றின என்பதை எப்படி அறிவது? மோதலில் பங்கேற்காத நியூட்ரான்கள் வந்த திசையிலேயே நேராகச் சென்றுவிடும். கற்றைப் பாதையின் இருபுறமும் வைத்த கருவிகள் அவற்றைப் பிடிக்கும். நேர் மோதலாயின் துகள்கள் மிகுதி, தப்பிய நியூட்ரான் குறைவு. உரசலாயின் இது மாறும். இவ்வளவீடுகளை நியூக்ளியான் மோதல்களின் எண்ணிக்கையாக மாற்றித் தருவது ராய் கிளாபர் 1950களில் வகுத்த சிதறல் கோட்பாடு. பின்னாளில் ஒளியியலுக்காக நோபல் பரிசு பெற்ற அதே கிளாபர்தான். அவர் கணக்கின்படி மிக நேரான பொன் மோதல் ஒன்றில் நியூக்ளியான்கள் இணை இணையாக முட்டிக்கொள்ளும் நிகழ்வுகள் ஏறத்தாழ ஆயிரம்.

இந்த ஆயிரம் என்ற எண்ணே உரைகல். புரோட்டானும் புரோட்டானும் மோதும் எளிய மோதலே ஆணிப்பொன். பொன் மோதல் என்பது ஆயிரம் புரோட்டான் மோதல்களின் வெறும் கூட்டுத்தொகைதானா? ஆம் எனில் உயர் உந்தத் துகள்கள் ஆயிரம் மடங்கு வரவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் இடையில் ஏதோ ஒரு பொருள் குறுக்கிட்டிருக்கலாம்.

வராமல் போனவை

புரோட்டான்கள் மோதும்போது, எப்போதாவது இரண்டு குவார்க்குகள் நேராக முட்டி எதிரெதிர்த் திசைகளில் பெரும் உந்தத்தோடு தெறிக்கும். ஒவ்வொன்றும் வழியில் துகள்களைப் பொழிந்து ஒரு தாரையாக வெளிவரும். சுடுபொருளின் நடுவே இத்தாரை பிறந்தால், அப்பொருளில் ஆற்றலை இழந்து மெலியும் என்று 1982இலேயே ஜேம்ஸ் பியோர்கன் கருத்துரைத்திருந்தார்.

2002இன் தொடக்கத்தில் ஃபீனிக்ஸ் குழு வெளியிட்ட ஆய்வுரை அந்தக் கருத்துக்கு முதற்சான்று தந்தது. நேரான பொன் மோதல்களில் உயர் உந்தத் துகள்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தன. முழு ஆற்றலில் எடுத்த அளவீட்டில் குறைவு இன்னும் தெளிவாயிற்று: ஐந்து வரவேண்டிய இடத்தில் ஒன்றே வந்தது. உரசல் மோதல்களில் இக்குறைவு இல்லை.

ஸ்டார் குழு வேறு வழியில் அணுகியது. உயர் உந்தத் துகள் ஒன்றைத் தேர்ந்து, அதற்கு நேர் எதிரே இணைத்தாரை உண்டா என்று தேடியது. புரோட்டான் மோதலில் உண்டு. உரசிய பொன் மோதலிலும் உண்டு. நேரான பொன் மோதலில் மட்டும் எதிர்த்தாரை மறைந்துபோனது. இணையாகப் பிறந்த இரண்டில், விளிம்பை ஒட்டிப் பிறந்தது தப்பியது. பொருளின் முழு அகலத்தையும் கடக்க நேர்ந்தது உள்ளேயே அடங்கிவிட்டது.

சான்று வலிது. ஆயினும் நேர்மையான ஆய்வாளர் இங்கே ஓர் ஐயம் எழுப்பியாக வேண்டும், அவர்கள் எழுப்பினார்கள். தாரைகள் பிறந்து அழிந்தன என்பது ஒரு விளக்கம். அவை பிறக்கவே இல்லை என்பது இன்னொரு விளக்கம். பெருவிரைவில் வரும் பொன் கருவினுள் குளுவான்கள் ஒன்றோடொன்று கலந்து செறிவடைந்திருக்குமானால், தாரையை உண்டாக்கத்தக்க மோதல்களே தொடக்கத்தில் குறைந்திருக்கலாம். அவ்வாறாயின் புதிய பொருள் எதுவும் தேவையில்லை. எல்லாம் பழைய பொன்னின் இயல்பே என்று சொல்லிவிடலாம்.

இதைத் தீர்க்க எளிய சோதனை ஒன்று இருந்தது. பொன்னின் மீது பொன்னுக்கு மாறாக, ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டுமே கொண்ட டியூட்ரான் கருவை மோதவிட வேண்டும். பொன் கருவின் உள்ளமைப்பு அதேதான். ஆனால் இவ்வளவு சிறிய மோதலில் பெரிய சுடுபொருள் உருவாகாது. குறைவு பொன்னின் பிறவிக்குணமாயின் இங்கும் தோன்றவேண்டும். பின்பு உருவான பொருளின் வேலையாயின் இங்கு மறையவேண்டும்.

2003இல் சோதனை நடந்தது. குறைவு தோன்றவில்லை. எதிர்த்தாரையும் தன் இடத்தில் இருந்தது. நான்கு குழுக்களின் ஆய்வுரைகளும் அவ்வாண்டு ஆகஸ்டில் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் இதழின் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து வந்தன. பின்னர் ஃபீனிக்ஸ் இன்னொரு சான்றையும் சேர்த்தது. மோதலில் நேரடியாகப் பிறக்கும் உயர் ஆற்றல் ஒளித்துகள்கள் குவார்க்குகளைப் பிணைக்கும் விசைக்கு ஆட்படாதவை. பொன் மோதலில் அவை கணக்கிட்டபடியே, குறையாமல் வந்தன. மோதல்களின் எண்ணிக்கை சரி. தாரைகள் மட்டும் வழியில் தடுக்கப்பட்டன என்பது ஐயமற நிறுவப்பட்டது.

வாதுமை வடிவம் சொன்ன செய்தி

பொருள் ஒன்று உண்டு என்பது தெளிந்தது. அதன் தன்மை யாது?

இரண்டு வட்டத் தட்டுகள் மையம் விலகி மோதினால், ஒன்றும் பகுதி வாதுமைப் பருப்பின் வடிவில் இருக்கும். உள்ளிருக்கும் துகள்கள் ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் பறக்கும் வளிமமாயின், எல்லாத் திசைகளிலும் ஒரே அளவில் சிதறும். பிறந்த வடிவம் நினைவிலிருந்து அழியும். அவை ஒன்றையொன்று அழுத்தித் தள்ளும் பாய்மமாயின், கதை வேறு. வாதுமையின் குறுகிய அச்சில் அழுத்தம் விரைந்து மாறும். அத்திசையில் உந்துதல் மிகும். துகள்கள் அங்கே கூடுதலாக வெளிவரும். வடிவின் கோணல் ஓட்டத்தின் கோணலாக மாறும். இதற்கு நீள்வட்டப் பாய்வு என்று பெயர்.

ஸ்டார் குழுவின் முதல் அளவீடே வலுவான பாய்வைக் காட்டியது. ஓரளவு உயர்ந்த உந்தமுடைய துகள்களில், ஒரு திசையில் வருபவை அதற்குச் செங்குத்தான திசையில் வருபவற்றைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. பாகுநிலை சற்றும் இல்லாத நீர்மத்துக்குப் பாய்ம இயக்கவியல் தரும் கணக்கோடு இது நெருங்கி ஒத்தது. வளிமத்தை எதிர்பார்த்தவர்கள் கையில் நீர்மம் கிடைத்தது.

எந்தத் துகள்கள் பாய்ந்தன என்பதற்கும் அளவீட்டிலேயே விடை ஒளிந்திருந்தது. பையானில் குவார்க்கும் எதிர்க்குவார்க்குமாக இரண்டு. புரோட்டானில் மூன்று குவார்க்குகள். இவற்றின் பாய்வுக் கோடுகள் வெவ்வேறாகத் தோன்றின. ஆனால் பையானின் பாய்வையும் உந்தத்தையும் இரண்டால், புரோட்டானுடையதை மூன்றால் வகுத்தபோது, கோடுகள் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. பையானும் புரோட்டானும் உருவாவதற்கு முன்பே, குவார்க்குகளாக இருந்தபோதே பாய்வு தொடங்கிவிட்டது என்பதே இதன் பொருள்.

2005 ஏப்ரல் 18ஆம் நாள், புளோரிடாவின் தம்பா நகரில் நடந்த அமெரிக்க இயற்பியல் கழகக் கூட்டத்தில் முடிவு அறிவிக்கப்பட்டது. உருவான பொருள் ஏறக்குறைய நிறைவான நீர்மம். அதன் பாகுநிலையை அதன் இயல்நிலைக் குலைவோடு (என்ட்ரோபி) ஒப்பிட்டால் கிடைக்கும் விகிதம், இழைக் கோட்பாட்டின் வழியே கோவ்துன், சோன், ஸ்தாரினெட்ஸ் ஆகியோர் கணித்த கீழ்வரம்பை நெருங்குகிறது. நீரின் விகிதமும் நீர்ம ஹீலியத்தின் விகிதமும் இதனைவிட உயர்ந்தவை.

அதன் வெப்பநிலையும் அளக்கப்பட்டது. பொருள் தன் வெப்பத்தால் உமிழும் ஒளித்துகள்களை எலெக்ட்ரான், பாசிட்ரான் இணைகள் வழியே பிரித்தறிந்த ஃபீனிக்ஸ் குழு, அது ஏறத்தாழ 4 இலட்சம் கோடி பாகை செல்சியசு என்று 2010இல் அறிவித்தது. கதிரவனின் மையத்தைப்போல் சுமார் இரண்டரை இலட்சம் மடங்கு. மோதலில் பிறந்த லாம்டா துகள்கள் சிதையும் திசையைக் கொண்டு, இந்த நீர்மம் சுழல்வதையும் ஸ்டார் குழு 2017இல் அளந்தது. ஆய்வகத்திலோ இயற்கையிலோ அதுவரை அறியப்பட்ட எந்தப் பாய்மத்தின் சுழற்சியையும் அது விஞ்சியது.

ஆணிப்பொன்னுக்கே வந்த ஐயம்

2010 நவம்பரில் களம் ஐரோப்பாவுக்கும் விரிந்தது. ஜெனிவா அருகே செர்ன் நிறுவனத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் ஈயக் கருக்கள் பன்மடங்கு மிகுந்த ஆற்றலில் மோதின. சில வாரங்களிலேயே அங்குள்ள அட்லஸ் குழு, தாரைகள் மெலிவதான தாரைத் தணிவை முழுத் தாரைகளாகவே காட்டியது: ஒருபுறம் ஆற்றல் நிறைந்த தாரை, எதிர்ப்புறம் மெலிந்த தாரை. அலைஸ் குழு நீள்வட்டப் பாய்வை உறுதி செய்தது. புரூக்கேவனின் தீர்ப்பு நிலைத்தது.

ஆனால் அதே ஆண்டில் அதே வளையத்தில் எதிர்பாராத செய்தி ஒன்றும் வந்தது. புரோட்டானும் புரோட்டானும் மோதி, வழக்கத்தைவிட மிகுதியான துகள்கள் பிறந்த அரிய நிகழ்வுகளை சிஎம்எஸ் குழு தனியே பிரித்துப் பார்த்தது. கற்றையின் திசையில் வெகுதொலைவு விலகிய துகள்களும் ஒரே பக்கமாகச் சேர்ந்து செல்லும் போக்கு அவற்றில் தெரிந்தது. பொன் மோதலில் பாய்வின் அடையாளமாகக் கொள்ளப்பட்ட போக்கு அது. மாற்று அறியப் பயன்படுத்திய ஆணிப்பொன்னிலேயே கலப்பு இருக்குமோ என்ற ஐயம் எழுந்தது.

ஐயத்துக்கு விடையும் மோதலிலேயே தேடப்பட்டது. ஃபீனிக்ஸ் குழு பொன் கருவின் மீது புரோட்டான், டியூட்ரான், ஹீலியம்-3 ஆகிய மூன்றையும் தனித்தனியே மோதவிட்டது. தொடக்க வடிவங்கள் முறையே வட்டம், நீள்வட்டம், முக்கோணம் ஆகியவற்றைத் தழுவியவை. வெளிவந்த பாய்வு அந்தந்த வடிவத்தைப் பின்பற்றியதென 2018 இறுதியில் வெளியான ஆய்வுரை காட்டியது. ஒரு சில புரோட்டான்களின் அகலமே உள்ள துளியும் நீர்மம்போல் நடந்துகொள்கிறது. ஆனால் அச்சிறு துளிகளில் தாரைத் தணிவு தெளிவாகத் தென்படவில்லை. பாய்வு உண்டு, தணிவு இல்லை என்ற இம்முரணே இத்துறையின் இன்றைய முதல் வினா.

நீர்மம் என்ற சொல்லுக்கு எத்தனை துகள்கள் போதும்? பொன்னின் 197 நியூக்ளியான்கள் போதும் என்பது தெரிந்துவிட்டது. ஒன்றோடு ஒன்று மோதும் புரோட்டானில் ஐயம் நிற்கிறது. இரண்டுக்கும் இடையே 16 நியூக்ளியான்கள் கொண்ட ஆக்சிஜன் கருக்கள் 2025ஆம் ஆண்டு ஜூலையில் செர்ன் வளையத்தில் முதன்முறையாக மோதவிடப்பட்டன. அம்மோதலின் துகள்களும், பொற்கொல்லர் பட்டறையில் நடப்பதைப் போலவே, புரோட்டான் மோதலின் அருகில் வைத்தே எண்ணப்படுகின்றன.